ஒன்பது பவுண்டுப் பிடித்தம்

ஆங்கில இலக்கியத்தை இளங்கலைப் பாடமாகப் பயின்ற தமிழர்க்குச் சார்ல்ஸ் லாம் என்ற பெயர் அந்நியமானதன்று. 'கனவுக் குழந்தைகள்' என்னும் அவருடைய கட்டுரை நம் கல்லூரிப் பாடத்திட்டங்களில் பல்லாண்டுகளாக இடம்பெற்று வந்திருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சிறுவயதில் கதைகளாகப் படித்தவர்கள், அக்கதைகளைத் தம் தமக்கை மேரியுடன் சேர்ந்து 1807-இல் வெளியிட்டவர் இவரே என்பதையும் அறிந்திருப்பர். தம் கட்டுரைகளை அவர் எலியா என்ற புனைபெயரில் எழுதினார். நம் வாசகர்க்கு இப்பெயர் கார்மேல் மலையின் இறைவாக்கினரையே நினைவூட்டும்; ஆனால் அவருக்கும் இவருக்கும் தொடர்பில்லை. இளமையில் லாம் சில மாதங்கள் வேலை பார்த்த இடத்தில் உடனிருந்த இத்தாலிய எழுத்தர் ஒருவரின் பெயரை இரவல் வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது அவருடைய வேறொரு கட்டுரையை. 1825 மே மாதம் 'லண்டன் மாகசின்' இதழில் வெளிவந்து, 1833-இல் 'எலியாவின் இறுதிக் கட்டுரைகள்' தொகுப்பில் சேர்க்கப்பட்ட 'தி சூப்பரானுவேட்டட் மேன்'. 'ஓய்வூதியம் பெற்றவன்' என்று தமிழில் சொல்லலாம். 'ஆண்டு கடந்தவன்' என்பது இன்னும் நெருங்கிய பொருள் தரும். குருமடத்தில் மெய்யியல் பயின்ற காலத்தில் நூலகத்தின் மேலடுக்கில் கிடந்த பழைய பதிப்பொன்றில் இதை முதன்முதலாகப் படித்தேன். அன்று முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை நகைச்சுவைக் கட்டுரை என்றே எண்ணிப் பலருக்கும் பரிந்துரைத்து வந்திருக்கிறேன். அந்த எண்ணம் அண்மையில் கலைந்தது. கலைத்தவர் இலக்கியம் படித்தவர் அல்லர். எம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்.

முதலில் கட்டுரையைப் பார்ப்போம். பதினான்கு வயதில் லண்டன் நகரின் மின்சிங் லேன் என்னும் தெருவில் ஒரு வணிக நிறுவனத்தின் எழுத்தராகச் சேர்ந்த ஒருவர், முப்பத்தாறு ஆண்டுகள் நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது, சில வேளை பத்து மணிநேரம் மேசையோடு மேசையாக இருந்துவிடுகிறார். ஐம்பது வயதை எட்டும்போது உடல் தளர்கிறது. கணக்கில் பிழை விட்டுவிட்டதாகவும் பொய்ப்பதிவு செய்துவிட்டதாகவும் இரவில் கெட்ட கனவு காண்கிறார். முகவாட்டத்தைக் கண்டு முதலாளிகளுள் ஒருவர் காரணம் கேட்க, தம் இயலாமையை வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். ஒரு வாரம் அஞ்சி அஞ்சிக் கழிகிறது. ஏப்ரல் 12 மாலை உள்ளே அழைக்கிறார்கள். வேலை போயிற்று என்று நடுங்கிக்கொண்டு நிற்பவரிடம், வாழ்நாள் முழுவதும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வூதியம் தருவதாகச் சொல்கிறார்கள். இரவு எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர் வீட்டுக்குப் புறப்படுகிறார். இனி அங்கே திரும்ப வேண்டியதில்லை.

இதற்குப் பின் வரும் பகுதியே கட்டுரையின் உயிர். முதல் இரண்டொரு நாள்கள் மகிழ்ச்சியைச் சுவைக்கவும் இயலாத திகைப்பு. நெடுங்காலம் சிறையில் கிடந்து திடீரென வெளியே விடப்பட்டவனின் நிலை. இதுவரை காலத்துக்கு ஏழையாக இருந்தவன் திடீரெனக் காலச் செல்வனாகிவிட்டான். அச்சொத்தை மேற்பார்க்க ஒரு காரியக்காரன் வேண்டும்போல் இருக்கிறது. வயதான காலத்தில் பழகிய தொழிலை ஒரேயடியாக விடுவோர், தம் கையிருப்பை எடைபோட்டுப் பாராமல் விடலாகாது என்று போகிற போக்கில் ஓர் எச்சரிக்கையும் தருகிறார். கிழமைகளின் நிறம் மங்கிவிடுகிறது. திங்கட்கிழமையின் கசப்பும் இல்லை, சனிக்கிழமையின் இனிப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் சொல்வதைப் படிக்கும் பங்குக்குருவுக்குச் சிரிப்பு வராமல் இருக்காது. முன்பெல்லாம் இருந்த ஒரே விடுமுறை நாளில் பெரிய துண்டொன்றைக் கோவில் வெட்டி எடுத்துக்கொள்கிறதே என்ற மனத்தாங்கல் இருந்ததாம். இப்போது கோவிலுக்குத் தாராளமாக நேரம் ஒதுக்க முடிகிறதாம். முன்வரிசையில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கும் அன்பர்கள் எனக்கு நினைவுக்கு வருவர்.

விட்டுவந்த பேரேடுகளை 'என் படைப்புகள்' என்று குறிப்பிட்டு, புனித தோமா அக்குவினா விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளைவிட இவை மிகுதி, பயனிலும் குறைந்தவையல்ல என்று ஒரு குறும்பும் செய்கிறார். குருமடத்தில் நாங்கள் இந்த வரியைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தோம். மறுநாள் எங்களுக்கு அக்குவினாவில் தேர்வு.

இது கற்பனை மட்டுமன்று. லாம் தம் பதினேழாம் வயதில், 1792 ஏப்ரலில், லண்டன் லெடன்ஹால் தெருவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தலைமையகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து நம் நாட்டை ஆண்ட அதே கம்பெனி. அது விற்ற தேயிலைக்கும் அவுரிக்கும் கணக்கெழுதித்தான் அவர் கைவிரல்கள் தேய்ந்தன. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் மருத்துவச் சான்றுடன் விலக அனுமதி கேட்டார். 1825 மார்ச் 29 அன்று ஓய்வு கிடைத்தது. வயது ஐம்பது. கட்டுரையில் நிறுவனத்தின் பெயரும் தேதியும் தொடங்கிய வயதும் மாறியிருக்கின்றன, உள்ளம் அவருடையதே.

இனி அந்தக் கணக்கரைப் பற்றி. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து 78,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விருப்ப ஓய்வு பெற்றது வாசகர்க்கு நினைவிருக்கலாம். ஐம்பது வயது நிறைந்தவர்க்கே அத்திட்டம் திறந்திருந்தது. எம் பங்கிலும் சிலர் வெளியே வந்தனர். அவர்களுள் ஒருவர் இவர். மனைவியோடு வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போக வேண்டும், மகள் வீட்டில் ஒரு மாதம் தங்க வேண்டும் என்றெல்லாம் திட்டம் வைத்திருந்தார். அடுத்த ஆண்டு பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் மனைவி இறந்துபோனார். அடக்கத்துக்கு நானும் உபதேசியாரும் அவரும் மகனும் ஆக நால்வரே நின்றோம். முப்பதாம் நாள் திருப்பலிக்கும் கோவில் காலியாகவே இருந்தது.

சில மாதங்கள் கழித்து அவர் என்னிடம் வந்தபோது நான் சொன்ன ஆறுதல், குருக்கள் அனைவரும் சொல்லிப் பழகியதுதான்: கையைச் சும்மா வைத்திருக்காதீர்கள், மனம் தானே ஆறிவிடும் என்றேன். சொன்னதோடு நில்லாமல் வேலையும் கொடுத்தேன். வின்சென்ட் தே பவுல் சபையின் கணக்கு, திருவிழாக் கணக்கு, அன்பியங்களின் பெயர்ப்பட்டியல். கணக்கர் என்பதால் கல்லறைத் தோட்டத்துப் பழைய பதிவேட்டைச் சீர்செய்யும் பணியையும் ஒப்படைத்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் அவர் மனைவியின் பெயர் இருக்கிறது என்பது, அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிய பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்த் திரும்ப வாங்கவும் கூச்சமாக இருந்தது. ஒரு மாதத்தில் பதிவேடு சுத்தமாகத் திரும்பி வந்தது. அவர் மட்டும் அதன் பின் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

நெடுநாள் கழித்து அவரை வீட்டில் காணச் சென்றபோது, ஓய்வு பெற்ற எழுத்தரைப் பற்றிய கட்டுரை ஆயிற்றே, சற்றுச் சிரிக்கட்டும் என்று லாமின் நூலைக் கொடுத்து வந்தேன். இரண்டு வாரம் சென்று நூலைத் திருப்பிக் கொண்டுவந்தார். அக்குவினா குறும்புக்குச் சிரித்ததாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "சாமி, இவருக்கு வீட்டுல யாருமே கிடையாதா?"

முப்பது ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத கேள்வி. கட்டுரையை மீண்டும் எடுத்துப் படித்தேன். உண்மைதான். அந்த எழுத்தர் எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வீட்டுக்குப் போகிறார். வீட்டில் கதவைத் திறப்பவர் இல்லை. செய்தியை முதலில் யாரிடம் சொன்னார் என்பது இல்லை. மறுநாள் காலை அவருக்கு உணவிட்டவர் இல்லை. தெருக்களும் பூங்காக்களும் பழைய புத்தகக் கடைகளும் வருகின்றன. பழைய தோழர்கள் வருகிறார்கள். வீடு வரவேயில்லை.

ஆனால் லாமுக்கு வீட்டில் ஒருவர் இருந்தார். அவரைவிடப் பத்து வயது மூத்த தமக்கை மேரி. 1796 செப்டம்பர் 22 அன்று மேரி மனநோயின் வேகத்தில் தம் தாயைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லாமுக்கு அப்போது வயது இருபத்தொன்று; அதே ஆண்டுத் தொடக்கத்தில் அவரே ஆறு வாரம் மனநல விடுதியில் இருந்து மீண்டவர். சித்தப்பிரமையால் நிகழ்ந்தது என்று விசாரணையில் முடிவாயிற்று. தமக்கையை வாழ்நாள் முழுவதும் விடுதியிலேயே அடைத்துவிடாமல் தாமே பொறுப்பேற்பதாக லாம் உறுதி அளித்தார். மணம் செய்துகொள்ளவில்லை. நோய் ஏறக்குறைய ஆண்டுதோறும் திரும்பி வந்தது. வரப்போகும் அறிகுறி தெரிந்தவுடன் இருவரும் சேர்ந்து அழுதுகொண்டே வயல்வழியே விடுதிக்கு நடந்து போவதை நண்பர் ஒருவர் கண்டிருக்கிறார். இறந்தவருக்கான துயரத்துக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. உயிரோடிருக்கும் ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறை இழந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பெறும் துயரத்துக்கு நம் வழிபாட்டு நூலில் சடங்கு இல்லை.

பிற கட்டுரைகளில் மேரி 'பிரிஜெட்' என்ற பெயரில் வருகிறார். 1821 அக்டோபரில் அண்ணன் ஜான் இறந்த துயரில் எழுதப்பட்டு 1822 ஜனவரியில் வெளிவந்த 'கனவுக் குழந்தைகள்' கட்டுரையில், பிறவாத பிள்ளைகள் இருவரும் மங்கி மறைந்தபின் கண்விழிக்கும் எலியாவின் அருகில் பிரிஜெட் அமர்ந்திருக்கிறார். அக்கட்டுரையை உயர்ந்ததாக ஆக்குவது மறையும் குழந்தைகள் என்றே ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வர். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. மறையாமல் அருகே இருக்கும் அந்த ஒருவரே அதற்கு எடை தருகிறார். அவரை அகற்றிவிட்டால் எஞ்சுவது ஓர் அழகிய கனவு.

'ஓய்வூதியம் பெற்றவன்' கட்டுரையில் அவர் அகற்றப்பட்டிருக்கிறார். அதே வேளையில் ஒரு விந்தையான செயலும் நிகழ்கிறது. சாவைப் பற்றிய சொற்கள் கட்டுரைக்குள் வருகின்றன, வேறு பொருளுக்காக. இத்தனை ஆண்டுகள் உடனிருந்து ஒரே நாளில் பிரிந்த அலுவலகத் தோழர்கள் இறந்தவர்களைப் போலத் தோன்றுகிறார்கள் என்கிறார் எலியா. நண்பன் ஒருவனின் மரணத்தைப் பற்றிய நாடக அடிகளை எடுத்து அந்த உணர்வை விளக்குகிறார். வீட்டுத் துயரத்துக்குச் செலவாக வேண்டிய சொற்கள் அலுவலகத்துக்குச் செலவாகின்றன. இதைக் குறை என்பதா, மறைவான ஒப்புதல் என்பதா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அடக்கத் திருச்சடங்கின்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மகன், மறு வாரம் தந்தையின் பழைய மிதிவண்டியை விற்கும்போது குலுங்கி அழுததை நான் கண்டிருக்கிறேன்.

கணக்கர் பென்சிலால் கோடிட்டிருந்த இடம் வேறொன்று. ஓய்வுக்குப் பின் ஒருநாள் எலியா பழைய அலுவலகத்தைப் பார்க்கப் போகிறார். தோழர்கள் அன்போடு வரவேற்கிறார்கள். ஆனால் அவர் மேசையில் வேறொருவர் அமர்ந்திருக்கிறார். அவர் தொப்பி மாட்டும் ஆணியில் வேறொருவருடைய தொப்பி. இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தும் அவரால் அதைச் சரியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இந்தப் பத்தியை ஓய்வு பெற்றவர்கள் அனைவரும் ஏற்பர். கணக்கர் சொன்னது இது: "ஆபீஸ்ல நம்ம ஆணி ஒரு வாரத்துல நிறைஞ்சிடுது சாமி. அது சரிதான். வீட்டுல கதவுக்குப் பின்னால அவ பை மாட்டுற ஆணி ஒண்ணு இருக்கு. அதுல யாரும் எதுவும் மாட்டுறதில்ல. நான் மாட்டலாம்னு ரெண்டு தடவ போனேன்."

லாமின் கட்டுரையில் எழுதப்படாத பாதி இதுவே என்பது என் துணிபு. நிறைந்துவிட்ட ஆணியின் வலியை அவரைப்போல் நுட்பமாக எழுதியவர் அரியர். நிறையாத ஆணியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்துக்கு வெளியே, ஓர் அலுவலக ஏட்டில், மேரி இருக்கிறார். கம்பெனி இயக்குநர்கள் லாமுக்கு அளித்த ஓய்வூதியம் ஆண்டுக்கு 450 பவுண்டு. அவர் கைக்கு வந்தது 441. குறைந்த ஒன்பது பவுண்டு, தமக்குப் பின் தமக்கை உயிரோடிருந்தால் அவருக்கு ஆதரவாக இருக்கட்டும் என்று பிடித்தம் செய்யப்பட்டது. ஓய்வு பெற்ற அடுத்த வாரத்துக் கடிதங்களில், கட்டுரையின் அதே துள்ளலோடு விடுதலையைக் கொண்டாடிக்கொண்டே, இப்பிடித்தத்தையும் நண்பர்களுக்குத் தெரிவிக்கிறார். கடிதத்தில் உண்டு, பேரேட்டில் உண்டு, கட்டுரையில் இல்லை. காலம் முழுவதும் தம்முடையதாகிவிட்டது என்று எலியா எழுதுகிறார். லாமுக்குத் தெரியும், அந்தக் காலம் ஒருபோதும் முழுமையாக அவருடையதன்று.

கட்டுரையின் தொடர்ச்சியை அவர் எழுதியிருக்கிறார். அதை இதழுக்கு அனுப்பவில்லை. பெர்னார்டு பார்ட்டன் என்னும் வங்கி எழுத்தர் அவருடைய நண்பர், கவிஞர். வங்கியை விட்டு எழுத்தை நம்பி வாழலாமா என்று 1823-இல் அவர் ஆலோசனை கேட்டபோது, வேண்டவே வேண்டாம், மேசையைக் கட்டிக்கொண்டு கிடங்கள் என்று கடுமையாகத் தடுத்தவர் லாம். அந்தப் பார்ட்டனுக்கே 1826 செப்டம்பரில் எழுதும் கடிதத்தில், பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சென்று பழைய நாடகங்களைப் படித்துக் குறிப்பெடுப்பதாகச் சொல்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் நாடகங்கள். நேரம் காலை பத்து முதல் மாலை நான்கு வரை. அலுவலகம் போலவே இருக்கிறது, உடலுக்கும் நன்றாக இருக்கிறது என்கிறார். ஓய்வு பெற்ற ஒன்றரை ஆண்டுக்குள் தமக்கென ஓர் அலுவலகத்தைக் கட்டிக்கொண்டுவிட்டார்! தனக்கொரு மகன் பிறந்தால் ஒன்றும் செய்யாதிருப்பதையே அவன் பெயராக வைப்பேன் என்று கட்டுரையில் எழுதிய அதே மனிதர்.

அதுவும் நிலைக்கவில்லை. 1827-இல் லண்டனை விட்டு என்ஃபீல்டு என்ற ஊருக்குக் குடிபோயினர். 1829 ஜூலையில் பார்ட்டனுக்கு எழுதிய கடிதத்தை ஓய்வு பெற்றோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். மேரி மீண்டும் நோயுற்று வெளியே இருக்கிறார். அவர்கள் மகளாக ஏற்று வளர்த்த எம்மா ஆசிரியப் பணிக்குப் போய்விட்டாள். லண்டனுக்குச் சென்றால் பழகிய வீடுகள் வெற்றுப் பேழைகளாக நிற்கின்றன. நண்பர்கள் பலர் இறந்துவிட்டனர். காலம் எவ்வளவு கிடைத்தாலும் போதாது என்று முன்பு பெருமை பேசினேனே, இப்போது திகட்டிவிட்டது என்கிறார். மிகுந்த வேலை கொடிதுதான். வேலையின்மை அதனினும் கொடிது, மனம் தன்னையே தின்னத் தொடங்குகிறது என்பது அக்கடிதத்தின் சாரம்.

இக்கடிதத்தைப் படித்ததும், 'நான் சொன்னது சரிதானே, வேலையே மருந்து' என்று என்னுள்ளிருந்த பழைய பங்குக்குரு எழுந்தார். ஆனால் கடிதம் அப்படிச் சொல்லவில்லை. வேலையின்மை நோய் என்பதால் வேலை மருந்தாகிவிடாது. முப்பத்து மூன்று ஆண்டுகள் மேசை அவர் துயரத்தைக் குணப்படுத்தவில்லை. அடுத்த நாள் காலை பத்து மணி வரை தள்ளிவைத்தது. தள்ளிவைக்க இடமில்லாமல் போனபோது முழுத் தொகையும் ஒன்றாக வந்து நின்றது.

எலியா கேலி செய்த அதே அக்குவினா இங்கு நமக்கு உதவுகிறார். இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் துயரத்தைத் தணிப்பவை எவை என்று கேட்டு ஐந்தினை ஆராய்கிறார்: இன்பம் தரும் எதுவும், கண்ணீர், நண்பர்கள் உடன் வருந்துதல், உண்மையைத் தியானித்தல், இறுதியாகத் தூக்கமும் குளியலும். குருமடத்தில் இந்த ஐந்தாவதைப் படித்தபோதும் சிரித்தோம். அவ்வளவு பெரிய மேதை வெந்நீரில் குளிக்கச் சொல்கிறாரே என்று. இன்று அப்பட்டியலை மீண்டும் பார்க்கையில் வேறொன்று கண்ணில் படுகிறது. வேலை அதில் இல்லை. தொண்டும் இல்லை. நான் கணக்கருக்குக் கொடுத்தவற்றுள் ஒன்றுகூட இல்லை. சூரைச் செடியின் கீழ் சாகத் துணிந்து படுத்த நம் எலியாவுக்கும் வானதூதர் முதலில் எந்தப் பணியையும் கொண்டுவரவில்லை. உறங்கவிட்டார், அப்பம் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார்.

அக்குவினாவே 1273 டிசம்பர் 6 அன்று திருப்பலிக்குப் பின் எழுதுகோலை வைத்துவிட்டார் என்பதும், தாம் எழுதியவை யாவும் வைக்கோலாகத் தோன்றுகின்றன என்று சொன்னதாக மரபு கூறுவதும் வாசகர் அறிந்ததே. அடுத்த மார்ச்சில் அவர் இறந்தார். அந்தக் கடைசி மூன்று மாதங்களை 'முன்கூட்டிய ஓய்வு' என்று சொன்னால் என் பழைய பேராசிரியர் கோபிப்பார்.

லாமின் இறுதியாண்டுகளுக்கு வருவோம். 1833 மே மாதம், எட்மன்டன் என்னும் ஊரில் மனநோயாளிகளைப் பராமரித்த ஒரு தம்பதியரின் வீட்டில் மேரி இருந்தார். அதுவரை நோய்க்காலங்களில் தமக்கையை அனுப்பிவிட்டுத் தனியே காத்திருந்த லாம், இம்முறை தாமும் அங்கேயே குடிபெயர்ந்துவிட்டார். நோய் இருக்கும்போதும் ஒரே கூரையின் கீழ். 1834 பிப்ரவரியில் ஓர் இளம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், நலமுள்ள உலகத்தாரின் தெளிந்த பேச்சைக் காட்டிலும் தமக்கையின் தொடர்பற்ற பேச்சே தமக்கு மேலானது என்கிறார். மேரி அப்போது பழைய காலத்து மனிதர்களைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாராம், தம்பி கேட்டுக்கொண்டிருப்பாராம். ஓய்வு பெற்றவனின் காலச் செல்வம் கடைசியில் செலவான இடம் இதுதான். இதற்கு ஒரு கட்டுரை இல்லை. சில கடித வரிகள் மட்டுமே.

நாவலாசிரியர் தாக்கரே, லாமின் கடிதம் ஒன்றை நெற்றியில் ஒற்றிக்கொண்டு அவரைப் புனிதர் என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அதற்கு நேர்மாறாகக் கார்லைல் அவரை மதுவுக்கு அடிமைப்பட்டவராகவே கண்டு வெறுத்தார். இருவரும் மிகையாகவே நடந்துகொண்டனர். லாம் குடித்தார்; அது மறைக்க வேண்டிய செய்தியன்று. புனிதராக்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: பீடத்தில் ஏற்றிவிட்டால் அவருடைய சலிப்பும் திகட்டலும் நமக்குப் பயன்படாமல் போய்விடும். திகட்டிய மனிதரே நம் கணக்கருக்குத் தோழர்.

அடுத்த பத்தாண்டுகள் கடந்துபோன முப்பதாண்டுகளுக்குச் சமம் என்று எலியா கட்டுரையில் கணக்குப் போட்டிருந்தார். அவருக்குக் கிடைத்தவை ஒன்பது ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும். 1834 டிசம்பரில் நடைபோகும்போது தவறி விழுந்தார். முகத்துக் காயம் நஞ்சேறி 27-ஆம் நாள் இறந்தார். மேரி அதற்குப்பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1847-இல் இறந்தார். பிடித்தம் வீணாகவில்லை.

கட்டுரையை மட்டும் படித்துச் சிரித்துவிட்டு நூலை மூடுவது லாமுக்குச் செய்யும் நீதியாகாது என்பதே நான் சொல்ல வந்தது. அது தன்னளவில் குறையற்ற கட்டுரைதான். பதினைந்து நாள் மகிழ்ச்சியை அவ்வளவு உண்மையாக எழுதிய வேறொன்றை நான் படித்ததில்லை. ஆனால் பதினைந்து நாள்தான். நம் கல்லூரிகளில் லாமைக் கற்பிப்போர் 1829 ஜூலைக் கடிதத்தையும் 1834 பிப்ரவரிக் கடிதத்தையும் உடன் சேர்த்துக் கற்பிக்கலாம். லாம் கடிதங்களுள் ஒரு ஐம்பதையேனும் தமிழில் பெயர்த்து வெளியிட யாரேனும் முன்வந்தால் அச்சுச் செலவுக்கு என் பங்கு உண்டு.

கணக்கரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். சபைக் கணக்குகளை வேறொருவரிடம் மாற்றிக்கொடுத்துவிட்டேன் என்பதையும், கல்லறைப் பதிவேட்டை அவரிடம் தந்ததற்கு வருந்துகிறேன் என்பதையும் சொன்னேன். பதிவேட்டைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. ஒன்பது பவுண்டுச் செய்திக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து உள்ளே போய் ஒரு நெகிழி உறையைக் கொண்டுவந்தார். அவருடைய ஓய்வூதிய ஆணை. அதில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம். கீழே குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவர் என்ற இடத்தில் மனைவியின் பெயர்.

"இத எடுக்கச் சொல்லி நான் இன்னும் எழுதிக் குடுக்கல சாமி," என்றார். "கேட்டா குடுத்துத்தான் ஆகணும். யாரும் கேக்கல."

உறையை மேசைமேல் வைத்துவிட்டுக் காப்பி போடப் போனார். நான் உட்கார்ந்திருந்தேன்.